மனித உரிமை மாஸ்டர்ஸ்: இங்கிலாந்தா, ஜெனீவாவா, பிரிட்டோரியாவா? முடிவு பண்றதுக்கு முன்னாடி இதையும் பாருங்க

மனித உரிமை படிக்க எந்த நாட்டுக்குப் போலாம்னு கேக்குறவங்க பெரும்பாலும் ரேங்கிங்ல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. எந்த யூனிவர்சிட்டி மேல இருக்கு, எந்தப் பேரு ரெஸ்யூம்ல இருந்தா எடுப்பா இருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். படிச்சு முடிச்சு வேலைக்கு அப்ளை பண்ண ஆரம்பிச்சப்பதான் தெரிஞ்சது, இன்டர்வியூ எடுக்குறவங்க பட்டத்தோட பேர ஒரு தடவ பாத்துட்டு உடனே வேற இடத்துக்குப் போயிடுறாங்க. எந்தக் கேஸ்ல வேலை செஞ்சீங்க, எந்த அறிக்கைக்கு எழுதினீங்க, சாட்சி சொல்ல வந்த ஒருத்தர்கிட்ட உக்காந்து பேசியிருக்கீங்களா, இதுதான் கேள்வி. என்னோட ஒப்பீடு முழுக்க இந்த ஒரு விஷயத்த வெச்சுத்தான் இருக்கும்: படிக்கிற காலத்துல உங்க கைக்கு நிஜமான வேலை எங்க கிடைக்கும், அதுக்கு நீங்க என்ன விலை குடுக்க வேண்டியிருக்கும்.

நாட்டத் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி எல்எல்எம்மா எம்ஏவான்னு முடிவு பண்ணிடுங்க. எல்எல்எம்னா சட்டத்துல மாஸ்டர்ஸ், சேர பெரும்பாலான இடத்துல ஏற்கனவே சட்டப் பட்டம் கேப்பாங்க, ஒப்பந்தங்கள், தீர்ப்புகள், வழக்கு எப்படி நடத்துறதுன்னு அந்தப் பக்கமா போகும். எம்ஏ, எம்எஸ்சி எல்லாம் அரசியல், சமூகவியல், தத்துவம், களப்பணின்னு கலந்து இருக்கும், ஜர்னலிஸ்ட், சோசியல் வொர்க்கர், டீச்சர்னு யாரு வேணா வரலாம். இதுல ஒசத்தி தாழ்த்தி கிடையாது. ஆனா வழக்காடணும்னு ஆசை இருக்குறவங்க எம்ஏ எடுத்துட்டு அப்பறம் வருத்தப்படுறதையும், வக்கீல் தொழிலே வேணாம்னு ஓடி வந்தவங்க எல்எல்எம்ல போய் மாட்டிக்கிறதையும் நான் பாத்திருக்கேன். இன்னொண்ணு, இந்தப் பட்டம் எந்த நாட்டுலயும் தொழில் செய்ற லைசென்ஸ் கிடையாது, வெளிநாட்டு எல்எல்எம் வாங்கிட்டா அங்கேயே கோர்ட்ல நிக்கலாம்னு நெனச்சுட்டுப் போகாதீங்க.

இப்ப இங்கிலாந்து. நெறைய பேர் போறதுக்குக் காரணம் ஒரே வருஷத்துல முடிஞ்சிடும், இங்கிலீஷ்லயே எல்லாம் நடக்கும், கோர்ஸும் ஏராளமா இருக்கு. இதுல எஸெக்ஸ் யூனிவர்சிட்டிய மட்டும் தனியா சொல்லணும். கோல்செஸ்டர்ல இருக்குற அவங்க ஹியூமன் ரைட்ஸ் சென்டர் 1980கள்ல இருந்து நடக்குது. சித்திரவதைப் புகார்கள விசாரிச்சு ஐநாவுக்கு அறிக்கை குடுக்குற சிறப்பு அறிக்கையாளரா 1993ல இருந்து 2001 வரைக்கும் இருந்த நைஜல் ராட்லி அங்கதான் பாடம் எடுத்தார், அதுக்கு முன்னாடி ஆம்னஸ்டிங்கற உலக மனித உரிமை அமைப்போட சட்ட ஆலோசகரா இருந்தவர். ஆரோக்கியத்துக்கான உரிமைக்கு முதல் சிறப்பு அறிக்கையாளரா இருந்த பால் ஹண்ட்டும் அந்த சென்டர்காரர்தான். இத நான் பேருக்காகச் சொல்லல. இந்த மாதிரி ஆளுங்க இருந்த இடத்துல, வகுப்புல படிக்கிற விதிக்கும் அத எழுதின கைக்கும் நடுவுல தூரம் கம்மி, அது பாடத்திட்டத்துல தெரியும். அங்க மாணவங்க நிஜமான வழக்கு, அறிக்கைன்னு வேலை செய்ற ஹியூமன் ரைட்ஸ் கிளினிக் இருக்கு, வீடியோவையும் போட்டோவையும் சரிபாக்குற டிஜிட்டல் வெரிஃபிகேஷன் குழுவும் இருக்கு.

இந்த வெரிஃபிகேஷன் வேலைன்னா என்னன்னு கிட்டத்துல காட்டுறேன், ஏன்னா கிளினிக் கிளினிக்னு நான் அடிச்சுக்கிறது ஏன்னு அப்பதான் புரியும். நான் படிச்ச இடத்துல எங்க குழுவுக்கு நாப்பது செகண்ட் ஓடுற ஒரு மொபைல் வீடியோ குடுத்தாங்க. ஒரு தெரு, ஓடுற ஆளுங்க, பின்னாடி துப்பாக்கிச் சத்தம். எங்க எடுத்தது, என்னிக்கு எடுத்தது, இதுதான் கேள்வி. மூணு பேர் ஒன்பது நாள் உக்காந்தோம். ஒரு கடை போர்டுல பாதி தெரியுற எழுத்து, ஒரு தண்ணி டேங்க்கோட வடிவம், கரண்ட் கம்பம் எத்தன மீட்டர் இடைவெளியில நிக்குதுங்கறது, சுவத்துல விழுற நிழல் எந்தப் பக்கம் சாயுது, இதையெல்லாம் சாட்டிலைட் படத்தோட ஒவ்வொண்ணா ஒட்டிப் பாத்தோம். நிழல வெச்சு நேரத்தக் கண்டுபிடிச்சோம், சாயங்காலம் நாலு மணிக்கு மேலன்னு வந்துச்சு, ஆனா வீடியோவப் போட்டவர் காலையிலன்னு எழுதியிருந்தார். அவர் பொய் சொல்லல, அவர் வேற ஒருத்தர்கிட்ட இருந்து வாங்கிப் போட்டிருக்கார், அவ்வளவுதான். ஆனா அந்த ஒரு முரண்பாட்ட நாங்க விட்டிருந்தா, அந்த வீடியோ கோர்ட்டுக்குப் போற அன்னிக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதத்தான் முதல்ல பிடிச்சு இழுத்திருப்பார், மத்த ஆதாரமும் சேந்து விழுந்திருக்கும். ஆதாரம்னா என்னன்னு எனக்கு எந்தப் புத்தகமும் அந்த ஒன்பது நாள் அளவுக்கு சொல்லிக் குடுக்கல. அதனால எந்தக் கோர்ஸப் பாத்தாலும் முதல்ல பாக்க வேண்டியது, கிளினிக் இருக்கா, இருந்தா அதுக்கு எத்தன பேர எடுக்குறாங்க, எல்லாருக்கும் உண்டா இல்ல போட்டி போட்டு வாங்கணுமாங்கறது. வெப்சைட்ல கிளினிக் போட்டோ பெருசா இருக்கும், உள்ள போனா கால்வாசிப் பேருக்குத்தான் இடம் இருக்கும்.

ஒரு வருஷ கோர்ஸோட கஷ்டமும் நேரத்துலதான். செப்டம்பர்ல போய் எறங்குனா டிசம்பருக்குள்ள கட்டுரைங்க, ஜனவரியில ஆராய்ச்சித் தலைப்பு, கோடையில தீசிஸ். பாதிக்கப்பட்டவங்கள நேர்ல பேட்டி எடுத்து தீசிஸ் எழுதணும்னா எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், எனக்கு அது ரெண்டு மாசத்துக்கு மேல இழுத்துச்சு. கேள்விப் பட்டியல மூணு தடவ திருத்தி அனுப்ப வேண்டியிருந்தது, கடைசியில பேட்டிக்குன்னு மிஞ்சினது பதினெட்டு நாள். அந்தக் கமிட்டி கேட்டதெல்லாம் நியாயமான கேள்விதான், பேசுறவங்களுக்கு ஆபத்து வந்தா என்ன பண்ணுவ, ரெக்கார்டிங்க எங்க வெப்ப, அழுதா நிறுத்துவியா. ஆனா ஒரு வருஷத்துக்குள்ள அதுக்கு இடமே இல்ல. களஆய்வுதான் உயிர்னு இருக்குறவங்க ரெண்டு வருஷ கோர்ஸ் பக்கம் போறது நல்லது.

விசா கணக்கையும் சொல்லிடுறேன். 2024 ஜனவரியில இருந்து இங்கிலாந்துல சாதாரண மாஸ்டர்ஸ் படிக்கிறவங்க கணவன், மனைவி, குழந்தைங்கள டிபெண்டண்ட்டா கூட்டிட்டுப் போக முடியாது. படிப்பு முடிஞ்சு இருக்குறதுக்கான கிராஜுவேட் ரூட் இதுவரைக்கும் ரெண்டு வருஷம், 2027 ஜனவரி 1லேர்ந்து அப்ளை பண்றவங்களுக்கு 18 மாசம். அதுக்கப்பறம் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறணும்னா 2025 ஜூலையில இருந்து பொதுவான சம்பள வரம்பு வருஷத்துக்கு 41,700 பவுண்டு, புதுசா படிச்சு முடிச்சவங்களுக்கு 33,400. ஆரம்ப நிலை என்ஜிஓ சம்பளம் பல இடத்துல இதத் தொடறதே இல்ல. அதனால "படிச்சுட்டு அங்கயே செட்டில் ஆயிடலாம்"ங்கற கணக்கு, ஐடி படிக்கிறவங்களுக்கு எப்படியோ, மனித உரிமை படிக்கிறவங்களுக்கு ரொம்ப மெலிசான கயிறு. அயர்லாந்துல கால்வேயில இருக்குற ஐரிஷ் சென்டர் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் நல்ல பேர் உள்ள இடம், அதுவும் ஒரு வருஷம்தான், மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் தங்கி வேலை தேட வழி வெச்சிருக்காங்க. இனப்படுகொலைச் சட்டத்துல பெரிய ஆளான வில்லியம் ஷாபாஸ் முன்னாடி நடத்தின சென்டர் அது. லண்டன் வாடகைய நெனச்சு பயந்தவங்க கால்வேயையும் பாக்கலாம், ஆனா அங்கயும் வீடு கிடைக்கிறது லேசு இல்ல, அட்மிஷன் வந்த அன்னிக்கே ரூம் தேட ஆரம்பிச்சிடுங்க.

ரெண்டு வருஷம்னா வட ஐரோப்பா. ஸ்வீடன்ல லுண்ட் யூனிவர்சிட்டி, அதே ஊர்ல 1984ல ஆரம்பிச்ச ராவுல் வாலன்பெரி இன்ஸ்டிட்யூட்ங்கற மனித உரிமை ஆராய்ச்சி நிலையம், ரெண்டும் கை கோத்து நடத்துற மனித உரிமைச் சட்டப் படிப்பு 120 கிரெடிட், அதாவது ரெண்டு வருஷம். அந்த இன்ஸ்டிட்யூட்டோட லைப்ரரி ஒண்ணு போதும்னு அங்க படிச்சவங்க சொல்லுவாங்க. நார்வேயில ஆஸ்லோ, பின்லாந்துல துர்குல இருக்குற ஓபோ அகாடமி, இதுங்களும் இதே ரகம். ஒரு காலத்துல இங்கெல்லாம் யாருக்கும் பீஸ் கிடையாது, இன்னமும் அந்தப் பழைய தகவல நம்பி வர்றவங்க இருக்காங்க. ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு ஸ்வீடன் 2011லயே பீஸ் போட்டாச்சு, பின்லாந்து 2017ல, கடைசியா நார்வேயும் 2023ல போட்டுடுச்சு. நார்வே பீஸ் போட்ட வருஷம் ஒரு கதவு சாத்தின மாதிரிதான் இருந்துச்சு, காசு இல்லாதவங்க போய் நிம்மதியா படிச்ச இடம் அது. ஸ்வீடனுக்கு இப்ப இருக்குற நல்ல வழி ஸ்வீடிஷ் இன்ஸ்டிட்யூட் ஸ்காலர்ஷிப், அதுக்கு மார்க் மட்டும் பத்தாது, 3,000 மணிநேர வேலை அனுபவம் காட்டணும், உங்க நாடு அவங்க பட்டியல்ல இருக்கணும். என்ஜிஓவுல ரெண்டு மூணு வருஷம் உழைச்சுட்டு வர்றவங்களுக்கு இது ரொம்பப் பொருத்தம்.

ஜெர்மனியில பெரும்பாலான அரசு யூனிவர்சிட்டியில பீஸ் கிடையாது, கிட்டத்தட்ட சும்மா படிக்கலாம், ஆனா பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் வெளிநாட்டவங்ககிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குது, வேற சில இடமும் வாங்க ஆரம்பிச்சிருக்கு, அதனால கோர்ஸ் பக்கத்துலயே போய் பாத்துக்கோங்க. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ போட்டுக் காட்டணும், அது பீஸ் இல்ல, உங்க செலவுக்கே மாசாமாசம் திரும்ப வரும். எர்லாங்கன் நூரன்பர்க் யூனிவர்சிட்டியில இங்கிலீஷ்ல மனித உரிமை எம்ஏ இருக்கு. 1945 நவம்பர்ல நாஜித் தலைவர்கள் மேல வழக்கு ஆரம்பிச்ச 600ஆம் நம்பர் கோர்ட் அறை நூரன்பர்க்லதான் இருக்கு, இப்பவும் போய் பாக்கலாம். படிச்சு முடிச்சா 18 மாசம் வேலை தேடலாம். ஆனா உள்ள அகதிகளோட வேலை செய்யணும்னா ஜெர்மன் பேசத் தெரியாம ஒரு அடி நகராது, இத யாரும் பிரோஷர்ல பெருசா போட மாட்டாங்க.

அடுத்தது எல்லாரும் கனவு காணுற ரெண்டு ஊர், சுவிட்சர்லாந்துல ஜெனீவாவும் நெதர்லாந்துல ஹேக்கும். நிறுவனங்க இருக்குற ஊர்லயே படிச்சா கதவு தானா திறக்கும்னு ஒரு நெனப்பு இருக்கு. பாதி உண்மை. ஜெனீவா அகாடமியில மனிதாபிமானச் சட்டமும் மனித உரிமையும் சேத்து ஒரு வருஷ எல்எல்எம், போர்க்காலச் சட்டம் படிக்கணும்னா அதுக்கு மேல இடம் இல்லன்னே சொல்லலாம். ஐநாவோட மனித உரிமை கவுன்சில் அங்க வருஷத்துக்கு மூணு தடவ கூடுது, 47 நாடுகள் உறுப்பினர். நான் ஒரு வாரம் போய் உக்காந்து பாத்திருக்கேன். காதுல ஹெட்போன், ஆறு மொழியில மொழிபெயர்ப்பு ஓடும். ஒரு அம்மா, காணாமப்போன மகனப் பத்திச் சொல்ல எங்கேயோ இருந்து வந்தவங்க, ஒரு என்ஜிஓ பேர்ல அவங்களுக்குக் கிடைச்சது ஒன்றரை நிமிஷம். எழுதி வெச்சத வேகவேகமா படிச்சாங்க, மகனோட பேரச் சொல்றப்ப குரல் நின்னு போச்சு, திரும்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள மைக் ஆஃப் ஆயிடுச்சு. தலைவர் நன்றி சொல்லி அடுத்த பேரக் கூப்பிட்டார். வெளிய காரிடார்ல அவங்கள ஒரு இளம் ஸ்டாஃப் பிடிச்சுட்டுப் போய், எந்தச் சிறப்பு அறிக்கையாளருக்கு எப்படி மனு எழுதணும்னு முக்கா மணிநேரம் உக்காந்து எழுதிக் குடுத்துட்டு இருந்தாங்க. அந்த வேலைதான் நான் கத்துக்க வேண்டியதுன்னு எனக்கு அன்னிக்குத்தான் பட்டுச்சு. ஜெனீவாவுல படிச்சா இத வாராவாரம் பாக்கலாம், அதுல சந்தேகமே இல்ல.

ஆனா விலையக் கேளுங்க. ஊர் வாடகை உலகத்துலயே அதிகமான இடங்கள்ல ஒண்ணு. ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்ற மாணவங்க முதல் ஆறு மாசம் பார்ட் டைம் வேலைக்குப் போக முடியாது, அதுக்கப்பறமும் வாரத்துக்கு 15 மணிநேரம்தான். படிப்பு முடிஞ்சா வேலை தேட ஆறு மாசம். ஐநா தலைமைச் செயலகத்து (செக்ரட்டேரியட்) இன்டர்ன்ஷிப்புக்கு சம்பளமே கிடையாது, சொந்தக் காசுல ஜெனீவாவுல ஆறு மாசம் இருக்க முடிஞ்சவங்கதான் அந்த வரிசையில நிக்க முடியும். மனித உரிமைக்காக நிக்குற ஒரு அமைப்பு இளைஞர்கள சம்பளம் இல்லாம வேலை வாங்குறது எனக்கு இன்னமும் ஜீரணிக்க முடியல. ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) மாதிரி சில ஐநா அமைப்புங்க இன்டர்ன்ஸுக்கு உதவித்தொகை குடுக்குது, தொழிலாளர் உரிமை பக்கம் ஆர்வம் இருந்தா ஐஎல்ஓவ முதல்ல பாருங்க. இன்னொரு விஷயம், படிப்பு முடிச்சு ஒரு வருஷத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் ஐநா செக்ரட்டேரியட் இன்டர்ன்ஷிப், தள்ளிப்போட்டா போச்சு.

ஹேக் கொஞ்சம் வேற. சர்வதேச நீதிமன்றம், சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ரெண்டும் அங்க, பக்கத்து ஊரான லைடன்ல மனித உரிமைச் சட்டத்துல அட்வான்ஸ்டு எல்எல்எம், ட்ரெய்ன்ல கொஞ்ச நேரம்தான். நெதர்லாந்துல படிக்கிறப்ப வாரத்துக்கு 16 மணிநேரம் வேலை பாக்கலாம், முடிச்சப்பறம் மூணு வருஷத்துக்குள்ள ஒரு வருஷ வேலை தேடும் அனுமதி எடுத்துக்கலாம். 2025 பிப்ரவரியில குற்றவியல் நீதிமன்றத்து மேல அமெரிக்கா தடை போட்டதுக்கப்பறம் அங்க வேலை செய்றவங்களோட பேங்க் அக்கவுண்ட் வரைக்கும் கவலை வந்துடுச்சு, இந்தத் துறை எவ்வளவு காத்து அடிக்கிற இடத்துல நிக்குதுன்னு அதுலேர்ந்து புரிஞ்சுக்கலாம்.

இனி நான் ரொம்ப ஆசையா சொல்ல நெனச்சது. குளோபல் கேம்பஸ் ஆஃப் ஹியூமன் ரைட்ஸ்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு, தலைமையிடம் வெனிஸ் பக்கத்துல லிடோ தீவுல ஒரு பழைய மடாலயம். அங்க நடக்குற ஐரோப்பிய மாஸ்டர்ஸ் 1997லேர்ந்து இருக்கு, முதல் பாதி எல்லாரும் சேந்து லிடோவுல, ரெண்டாவது பாதி கூட்டாளி யூனிவர்சிட்டிகள்ல ஒண்ணுல. பலருக்குத் தெரியாதது, இதுக்கு வேற கண்டங்கள்ல கிளைங்க இருக்கு. ஆப்பிரிக்காவுக்கு பிரிட்டோரியா, ஆசிய பசிபிக்குக்கு தாய்லாந்துல மஹிடோல், காகசஸுக்கு யெரெவான், அரபு நாடுகளுக்கு பெய்ரூட், லத்தீன் அமெரிக்காவுக்கு புவெனஸ் ஐரிஸ், தென்கிழக்கு ஐரோப்பாவுக்கு சரயேவோ. மேற்கு நாட்டுப் பேரு இல்லங்கறதால இதெல்லாம் நம்ம லிஸ்ட்லயே வர்றதில்ல, அது பெரிய தப்பு.

தென்னாப்பிரிக்காவுல பிரிட்டோரியா யூனிவர்சிட்டியோட சென்டர் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் 1986ல, நிறவெறி ஆட்சி இருக்கும்போதே ஆரம்பிச்சது. ஆப்பிரிக்கா முழுக்க இருந்து சட்ட மாணவங்க வந்து மாதிரி வழக்காடுற மூட் கோர்ட் போட்டிய 1992லேர்ந்து நடத்துறாங்க, 2006ல யுனெஸ்கோவோட மனித உரிமைக் கல்விப் பரிசு வாங்கினாங்க. அங்க படிக்கிறவங்களுக்கு வீட்டு உரிமை, மருந்து உரிமை எல்லாம் சும்மா தத்துவம் கிடையாது, 2000ல வீட்டு உரிமைக்கான குரூட்பூம் வழக்குலயும் 2002ல எய்ட்ஸ் மருந்து வழக்குலயும் அரசாங்கத்த கோர்ட்டுக்கு இழுத்து வாங்கின தீர்ப்புங்க அது. ஜொகன்னஸ்பர்க்ல அரசியலமைப்பு நீதிமன்றம் பழைய சிறை வளாகத்துலயே கட்டியிருக்காங்க, விசாரணைக் கைதிங்கள அடைச்சு வெச்சிருந்த கட்டடத்த இடிச்சு அந்தச் செங்கல்ல இப்ப நீதிபதிங்க உக்காருற மண்டபத்துச் சுவர் எழுப்பியிருக்காங்க. என் தோழி ஒருத்தி இங்கிலாந்துல கிடைச்ச சீட்ட விட்டுட்டு பிரிட்டோரியா போனா, நாங்க எல்லாம் அப்ப அவளத் திட்டினோம். முதல் பாதி பிரிட்டோரியாவுல, ரெண்டாவது பாதி வேற ஆப்பிரிக்க நாட்டு யூனிவர்சிட்டியில, ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்துக்குப் போற மனு எழுதறதுல உதவி பண்ணினா. நான் எதிக்ஸ் கமிட்டிக்கு மூணாவது தடவ பதில் எழுதிட்டு இருந்தப்ப அவ பேரு ஒரு நிஜ மனுவோட கடைசிப் பக்கத்துல இருந்துச்சு. அங்க ஆப்பிரிக்க மாணவங்களுக்குத்தான் முன்னுரிமை, வெளிய இருந்து கொஞ்சப் பேருக்குத்தான் இடம், அத மறைக்க வேணாம்.

ஆசியாவுல வேலை செய்யணும்னா மஹிடோல் யோசிக்கலாம். முதல் செமஸ்டர் தாய்லாந்துல, அப்பறம் மணிலா, யோக்யகர்த்தா, காத்மாண்டு, கொழும்பு மாதிரி இடங்கள்ல இருக்குற கூட்டாளி யூனிவர்சிட்டியில. செலவு ஐரோப்பாவோட ஒப்பிடவே முடியாது. வகுப்புல பக்கத்துல உக்காந்திருக்கிறவர் நாளைக்கு உங்க பக்கத்து நாட்டுல அதே பிரச்சனையில வேலை செய்யப் போற ஆளு, பத்து வருஷம் கழிச்சு நள்ளிரவுல போன் பண்ணி "இவர கைது பண்ணிட்டாங்க, யாரத் தெரியும்"னு கேக்கக்கூடிய ஆளு. ஜெனீவாவுல கிடைக்கிற விசிட்டிங் கார்ட விட எனக்கு இது பெருசாப் படுது. குறையும் உண்டு, ஆசியாவுக்குன்னு ஐரோப்பா, ஆப்பிரிக்கா மாதிரி ஒரு பிராந்திய மனித உரிமை நீதிமன்றமே கிடையாது, அதனால அங்க வழக்கு வழியா படிக்கிறது கம்மி, பிரச்சாரம், ஆவணப்படுத்தல் வழியா படிக்கிறது ஜாஸ்தி.

அமெரிக்காவச் சுருக்கமா சொல்லிடுறேன். நோட்ர டேம் எல்எல்எம், கொலம்பியாவோட எம்ஏ, லா ஸ்கூல் கிளினிக்குங்க, படிப்புன்னு பாத்தா குறையே இல்ல, கிளினிக் முறைய வளத்ததே அவங்கதான். ஆனா பீஸ் தல சுத்தும், முடிச்சப்பறம் அங்க வேலை பாக்குறதுக்கான ஓபிடி அனுமதி இந்தப் பாடத்துக்கு 12 மாசம்தான், சயின்ஸ் படிச்சவங்களுக்குக் கிடைக்கிற நீட்டிப்பு நமக்குக் கிடையாது. 2025 ஜூன்லேர்ந்து மாணவர் விசாவுக்கு அப்ளை பண்றவங்க சோசியல் மீடியா அக்கவுண்ட்ட எல்லாரும் பாக்குற மாதிரி பப்ளிக்கா வெக்கணும்னு சொல்லிட்டாங்க, அதே வருஷம் போராட்டத்துல கலந்துகிட்ட வெளிநாட்டு மாணவங்க விசா ரத்தானதும் நடந்துச்சு. பேச்சுரிமையப் படிக்கப் போற இடத்துல எழுதறதுக்கு முன்னாடி நாலு தடவ யோசிக்கிற நெலம. அமெரிக்க அரசோட ஃபுல்பிரைட் ஸ்காலர்ஷிப் கிடைச்சா மட்டும் கண்டிப்பா யோசிங்க, அதுலயும் பொதுவா முடிச்சப்பறம் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுல இருக்கணும்னு நிபந்தனை உண்டு.

கனடாவ ஏன் நெறைய பேர் இந்தப் படிப்புக்கு யோசிக்கிறதில்லன்னு எனக்குப் புரியல. வின்னிபெக்ல மானிடோபா யூனிவர்சிட்டியில ரெண்டு வருஷ மாஸ்டர் ஆஃப் ஹியூமன் ரைட்ஸ் இருக்கு, அதே ஊர்ல 2014ல திறந்த மனித உரிமை மியூசியமும் இருக்கு. மாஸ்டர்ஸ் முடிச்சா மூணு வருஷ வேலை அனுமதி, படிக்கிறப்ப வாரத்துக்கு 24 மணிநேரம் வெளிய வேலை பாக்கலாம், 16 மாசமோ அதுக்கு மேலயோ உள்ள மாஸ்டர்ஸ்னா கணவன் அல்லது மனைவிக்கும் வேலை அனுமதி கேக்கலாம். குடும்பத்தோட போகணும்னா என் கணக்குல கனடாதான் முதல்ல. ஆஸ்திரேலியாவுல பெர்த்ல கர்ட்டின் யூனிவர்சிட்டியில நல்ல கோர்ஸ் இருக்கு, மோனாஷ் யூனிவர்சிட்டியில காஸ்டன் சென்டர்னு மனித உரிமைச் சட்ட மையம் இருக்கு, ஆனா படிப்பு முடிஞ்சு வேலை பாக்குற 485 விசாவுக்கு 2024 ஜூலைலேர்ந்து வயசு வரம்பு 35. பத்து வருஷம் களத்துல இருந்துட்டுப் படிக்க வர்றவங்கதான் இந்தத் துறையில நெறைய, அவங்களுக்கு இது நேரா இடிக்கும்.

கடன் வாங்கலாமான்னு கேட்டீங்கன்னா, பெருசா வாங்காதீங்க. 2025 ஜூலை 1ல அமெரிக்க அரசோட வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு மூடினதோட அதோட காச நம்பி இருந்த மனித உரிமை அமைப்புங்க உலகம் முழுக்க ஆளக் குறைச்சிருக்கு, ஐநாவும் பணம் இல்லாம பதவிகள வெட்டிட்டு இருக்கு. பதினஞ்சு வருஷ அனுபவம் உள்ளவங்களும் நம்ம அப்ளை பண்ற அதே ஜூனியர் வேலைக்கு அப்ளை பண்றாங்க. இந்த நேரத்துல இந்தச் சம்பளத்த நம்பி கழுத்து வரைக்கும் கடன் வாங்கினா, கடன அடைக்க வேற துறைக்கு ஓட வேண்டி வரும், அப்பறம் படிச்சது எதுக்கு. இங்கிலாந்து அரசோட சேவ்னிங், காமன்வெல்த், ஸ்வீடிஷ் இன்ஸ்டிட்யூட், ஐரோப்பிய யூனியனோட எராஸ்மஸ் முண்டஸ், இந்த ஸ்காலர்ஷிப்புங்கள்ல ஒண்ணு கிடைக்கலன்னா ஒரு வருஷம் வேலை பாத்துட்டு மறுபடி போடுறது தோல்வி கிடையாது. எராஸ்மஸ் முண்டஸ்ல மாசம் 1,400 யூரோ தர்றாங்க, பீஸும் தனியா கட்ட வேண்டியதில்ல, கையில காசே இல்லாதவங்களுக்கு அதுக்கு மேல நல்லது எனக்குத் தெரிஞ்சு இல்ல. வேலைவாய்ப்பு கொஞ்சம் நிமிந்து நிக்கிற பக்கம்னா பிசினஸ் அண்ட் ஹியூமன் ரைட்ஸ், கம்பெனிங்க சப்ளை செயின்ல உரிமை மீறல் இருக்கான்னு பாக்குறது. 2024ல ஐரோப்பிய யூனியன் அதுக்குச் சட்டம் போட்டுச்சு, அடுத்த வருஷமே தள்ளிப்போட்டாங்க, அதனால அதையும் கல்லுல எழுதினதா நெனைக்காதீங்க.

பாதுகாப்பப் பத்தி எந்த அட்மிஷன் ஆபீஸும் தானா சொல்றதில்ல. உங்க சொந்த நாட்டு அரசாங்கத்தப் பத்தி தீசிஸ் எழுதப் போறீங்கன்னா, அது யூனிவர்சிட்டி லைப்ரரியில உங்க பேரோட ஆன்லைன்ல வரும். சில வருஷத்துக்கு அத மூடி வெக்கச் சொல்லிக் கேக்கலாம், பல இடத்துல அதுக்கு ஃபார்ம் இருக்கு, கேட்டாத்தான் குடுப்பாங்க. பேட்டி குடுத்தவங்க பேர மாத்துனா மட்டும் பத்தாது, ஊர், வயசு, தொழில் மூணும் சேந்தாலே ஆளக் கண்டுபிடிச்சிடுவாங்க. ஸ்காலர்ஷிப்ல திரும்பிப் போகணும்னு நிபந்தனை இருந்தா, சேவ்னிங்ல ரெண்டு வருஷம், நீங்க எழுதினது உங்களுக்கு முன்னாடியே ஊருக்குப் போய்ச் சேந்திருக்கும். எந்தக் கோர்ஸ்ல சேரறதுக்கு முன்னாடியும் வழிகாட்டிப் பேராசிரியர்கிட்ட இத நேரடியா கேளுங்க, "என்ன மாதிரி ஒரு மாணவருக்கு ஆபத்து வந்தப்ப நீங்க என்ன பண்ணீங்க?" பதில் சொல்றதுக்கு முன்னாடி அவங்க எவ்வளவு தடுமாறுறாங்கங்கறதுலயே பாதி முடிவு கிடைச்சிடும்.

சட்டம் படிச்சு போர்க்குற்றம் பக்கம் போகணும், ஸ்காலர்ஷிப்பும் இருக்குன்னா ஜெனீவா. ஆதாரம், ஆவணம்னு கையால வேலை கத்துக்கணும், சீக்கிரம் முடிச்சுட்டு பழைய வேலைக்கே திரும்பணும்னா எஸெக்ஸ் அல்லது கால்வே. நிதானமா ஆராய்ச்சி பண்ணணும், பிஎச்டி யோசனை இருக்குன்னா லுண்ட். சொந்தப் பிராந்தியத்துலயே வேர் விட்டு வேலை செய்யப் போறீங்கன்னா மஹிடோல் அல்லது பிரிட்டோரியா, எனக்கு இன்னொரு தடவ வாய்ப்பு கிடைச்சா நான் இந்தப் பக்கம்தான் போவேன்.

தேதிங்கள விட்டுடாதீங்க, நெறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். சேவ்னிங் ஆகஸ்ட்ல திறந்து அக்டோபர்ல மூடுது, அதாவது படிப்பு ஆரம்பிக்கிறதுக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் முன்னாடி. ஸ்வீடன் அட்மிஷன் ஜனவரி நடுவுல முடியும், 900 குரோனா அப்ளிகேஷன் பீஸ் கட்டணும், ஸ்காலர்ஷிப்புக்கு பிப்ரவரியில தனியா போடணும். இங்கிலாந்து விசாவுக்குக் காட்டுற பணம் அக்கவுண்ட்ல தொடர்ந்து 28 நாள் இருக்கணும், 27ஆவது நாள் ஒரு பவுண்டு கொறஞ்சாலும் ரிஜெக்ட்தான். சிபாரிசுக் கடிதம் கேக்குற ஆளுக்கு குறைஞ்சது ஆறு வாரம் முன்னாடி சொல்லுங்க, கூடவே நீங்க செஞ்ச வேலைய ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க, எந்த வழக்கு, எந்த ஊர், யாருக்காகன்னு.